இரண்டு விரல் இடைவெளி

கையில் கயிறு இருந்தது, கயிற்றின் நுனியில் பெல்ட் இருந்தது, பெல்ட்டுக்குள் நாய் இல்லை. பெல்ட் அறுந்திருக்கவில்லை, பக்கிள் திறந்திருக்கவில்லை, மாட்டியது மாட்டியபடி வட்டமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு லாரியின் டயர் வெடித்த சத்தத்துக்கு மணி முன்னால் பாய்ந்திருந்தால் பிடித்திருப்பேன். அவன் பின்னால் போனான். தலையைத் தாழ்த்தி, காதுகளை மடக்கி, நான்கு கால்களையும் ஊன்றிப் பின்னால் நகர்ந்தான், நான் பதறிப்போய் கயிற்றை என் பக்கம் இழுத்தேன், பனியனைக் கழற்றுவதுபோல் பெல்ட் தலைவழியாக வந்துவிட்டது. உண்மையில் அதைக் கழற்றிவிட்டது நான்தான்.

நாற்பது நிமிடம் கழித்து இரண்டு தெரு தள்ளி நின்றிருந்த ஒரு வேனுக்கு அடியில் கிடைத்தான். அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி எழுதப்போவதில்லை, நாய் வளர்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து பெல்ட்டை மேசையில் போட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பெல்ட், விலை கொடுத்து வாங்கியது, தையல் உறுதி. அளவுதான் தப்பு. அதுவும் வாங்கும்போது இருந்த தப்பு பாதி, வீட்டில் நாங்களே சேர்த்த தப்பு மீதி.

(கடையில் காலர் என்று எழுதியிருக்கும், எழுத்தில் கழுத்துப்பட்டை என்று வரும், எங்கள் வீட்டில் அது எப்போதும் பெல்ட்தான். அப்படியே எழுதுகிறேன்.)

அம்மா மணியைக் கடந்துபோகும் போதெல்லாம் ஒரு விரலைப் பெல்ட்டுக்குள் விட்டுப் பார்ப்பார். "பாவம்டா, கழுத்தை இறுக்குது பாரு, கொஞ்சம் தளர்த்தி விடு" என்பார். நான் தளர்த்துவேன். நான் இல்லாத நேரத்தில் அவரே தளர்த்துவார். சட்டையின் மேல் பித்தானைப் போட்டாலே நமக்கு மூச்சு முட்டுகிறது, அந்த நினைப்பில்தான் நாயின் கழுத்தையும் பார்க்கிறோம். இரக்கம்தான், தப்பில்லை. ஆனால் தளர்ந்த பெல்ட் நாய்க்கு வசதி என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேனே, அதுதான் தப்பு.

நம் கழுத்து மெலிசு, அதன்மேல் தலை அகலமாக உட்கார்ந்திருக்கிறது. நாய்க்கு அந்த வித்தியாசம் அவ்வளவு கிடையாது. தோள்பக்கம் கழுத்து தடித்திருக்கும், காதுப்பக்கம் போகப்போகக் குறுகும், அதற்கு மேல் தலை கொஞ்சமே கொஞ்சம் அகலம். பெல்ட்டைத் தடுத்து நிறுத்துவது காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு மேடும் கன்னத்துச் சதையும் மட்டும்தான். காது மடங்கக்கூடியது, அதை நம்ப முடியாது. கிரேஹவுண்ட், சலூக்கி மாதிரி நீண்ட மூக்கு வேட்டை நாய்களுக்குத் தலை கழுத்தைவிடக் குறுகலாகவே இருக்கும். அவற்றுக்குச் சாதாரணப் பெல்ட் போட்டால் அது ஒரு மரியாதைக்குத்தான், பின்னால் ஒரு அடி வைத்தால் கழன்றுவிடும். பக் மாதிரி நாய்களிடமும் இதே தொல்லை, காரணம் வேறு. அங்கே கழுத்தே தலை அளவுக்குத் தடிமன்.

பின்னால் போகிற நாயிடம்தான் பெல்ட்டின் அளவு தெரியும். முன்னால் இழுக்கிற நாய்க்கு எவ்வளவு தளர்ந்த பெல்ட்டும் நிற்கும், தொண்டையில் மாட்டிக்கொண்டு நிற்கும், அதனால் மாதக்கணக்கில் எதுவும் தெரியாமலே போகும். மணி தினமும் முன்னால் இழுக்கிறவன். எட்டு மாதம் அந்தப் பெல்ட்டோடு நடந்திருக்கிறோம்.

சரி, அளவு. நான் செய்த முதல் தப்பு நாயின் எடையைச் சொல்லிப் பெல்ட் வாங்கியது. இருபத்திரண்டு கிலோ என்றதும் பெரிய அளவு எடுத்துக் கொடுத்தார்கள். அது 45 முதல் 65 சென்டிமீட்டர் வரை மாற்றக்கூடியது. மணியின் கழுத்து 40. அதாவது எவ்வளவு இறுக்கினாலும் கடைசியில் நாய்க்குப் பெரியதாகவே நிற்கிற பெல்ட், மிச்ச நாடா ஒரு சாண் தொங்கும், இனி இறுக்க இடமே கிடையாது. எடைக்கும் கழுத்துக்கும் பெரிய உறவு இல்லை. ஒரே எடையுள்ள இரண்டு நாய்களில் ஒன்று கட்டை குட்டையாக, கழுத்தே தெரியாமல் இருக்கும், இன்னொன்று நெட்டையாக, கழுத்து நீண்டு மெலிந்து இருக்கும். இனத்தின் பெயரைச் சொல்லி வாங்குவதும் இப்படித்தான்.

தையல்காரர் டேப் ஒன்று போதும். டேப் இல்லையென்றால் ஒரு நூலைச் சுற்றி, பிடித்த இடத்தில் முடிச்சுப் போட்டு ஸ்கேலில் வைத்துப் பார்க்கலாம். நாய் நின்றுகொண்டிருக்க வேண்டும், தலை நேராக இருக்க வேண்டும். பெல்ட் எந்த இடத்தில் உட்காருமோ அங்கேதான் சுற்ற வேண்டும், தாடைக்கு அடியிலும் இல்லை, தோளுக்கு மேலும் இல்லை, நடுவில். டேப்புக்கு அடியில் இரண்டு விரலைப் படுக்கவைத்து அந்த அளவைப் படித்தால் அதுவே பெல்ட்டின் அளவு. கழுத்தை மட்டும் அளந்துவிட்டுப் பிறகு கூட்டிக்கொள்கிறவர்களும் உண்டு: சின்ன நாய்க்கு இரண்டரை சென்டிமீட்டர், பெரிய நாய்க்கு ஐந்து வரை. எனக்கு விரல் வைத்து அளப்பதுதான் பிடித்திருக்கிறது, கணக்கு இல்லை. மணிக்கு அப்படி 43 வந்தது. அப்புறம் 43 என்பது எந்தப் பெல்ட்டின் நடுவில் விழுகிறதோ அதை எடுக்க வேண்டும், 35–50 மாதிரி. இரண்டு பக்கமும் நகர இடம் இருக்கும்.

தோல் பெல்ட்டில் ஓட்டைகள் இருக்கும், ஐந்து என்று வைத்துக்கொள்வோம். பக்கிளின் முள்ளிலிருந்து நடு ஓட்டை வரை உள்ள நீளம்தான் நாம் பார்க்க வேண்டியது, பெல்ட்டின் முழு நீளம் இல்லை. உள்ளே மெத்தை வைத்துத் தைத்த பெல்ட் என்றால் அந்தத் தடிமனும் கழுத்தின் இடத்தைத்தான் தின்னும், ஆகவே தட்டையான நாடாவுக்குச் சொன்ன அளவு அதற்கு இறுக்கமாகப் போகும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு மெத்தை பெல்ட் வாங்கித் திருப்பிக் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு விரல் என்று எல்லோரும் சொல்கிறார்கள், யாருடைய விரல் என்று யாரும் சொல்வதில்லை. என் இரண்டு விரல் போகிற இடத்தில் அம்மாவுக்கு மூன்று போகும். விரலைப் படுக்கவைத்து நுழைப்பது வேறு, நுழைத்தபின் நிமிர்த்திப் பிடித்து இழுப்பது வேறு. நிமிர்த்தினால் எந்தப் பெல்ட்டும் இறுக்கமாகத்தான் தெரியும், அம்மா அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் தட்டையாக, சதையை ஒட்டி, தள்ளாமலும் ஆடாமலும் போக வேண்டும். சிவாவா, பொமரேனியன் மாதிரி சின்ன உருவங்களுக்கு ஒரு விரல் போதும். முடி அடர்ந்த நாய் என்றால் முடிக்கு மேல் வைத்துப் பார்த்துப் பயனில்லை, விரல் முடியைத் தாண்டித் தோலைத் தொட வேண்டும். பொமரேனியனைக் குளிப்பாட்டி நனைந்த கோலத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அத்தனை பெரிய கழுத்து என்று நினைத்தது முக்கால்வாசி முடி.

விரல் பார்த்தாயிற்று என்றால் இன்னொன்று. வீட்டுக்குள், கதவைச் சாத்திவிட்டு, நாயின் முன்னால் உட்கார்ந்து பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் காதுப் பக்கமாக நகர்த்திப் பாருங்கள். காதைத் தாண்டி வந்தால் அது வெளியே போக லாயக்கில்லை. தலையைக் குனிந்து தண்ணீர் குடிக்கும்போதும் பாருங்கள். நல்ல அளவான பெல்ட் கொஞ்சம் இறங்கி நின்றுவிடும், தளர்ந்தது நழுவிக் காதில் வந்து இடிக்கும். நைலான் பெல்ட்டில் அளவு மாற்றுகிற அந்தப் பிளாஸ்டிக் வளையம் இருக்கிறதே, அது தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக நகரும். இன்று சரியாக வைத்தது பத்து நாளில் ஒன்றரை சென்டிமீட்டர் தளர்ந்திருக்கும். எங்கள் வீட்டில் பழி முழுவதும் அம்மாமேல் விழுந்துகொண்டிருந்தது, பிறகுதான் வளையத்துக்கும் அதில் பங்குண்டு என்று தெரிந்தது. பூனைக்கு மணி கட்டுவது யார் என்பது ஊருக்குக் கேள்வி, மணிக்குப் பெல்ட் கட்டுவது யார் என்பது எங்கள் வீட்டுக் கேள்வி.

இத்தனை நேரம் தளர்ச்சியைத் திட்டினேன், இறுக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இது எனக்கு எழுதச் சுலபமாக இல்லை. எங்கள் இன்னொரு நாய் செவலை. எங்களிடம் வந்தபோது அவளுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும். யாரோ குட்டியாக இருக்கும்போது ஒரு மெல்லிய பெல்ட்டைக் கட்டியிருக்கிறார்கள், அப்புறம் அவளை விட்டுவிட்டார்கள், அல்லது அவள் தொலைந்துபோயிருக்கிறாள், தெரியாது. குட்டி வளர்ந்தது, பெல்ட் வளரவில்லை. முதலில் நாங்கள் பார்த்தபோது பெல்ட் இருப்பதே தெரியவில்லை, கழுத்தைச் சுற்றி முடி ஒரு கோடாகப் பிரிந்திருந்தது, ஒரு வாடை வந்தது. தொட்டுப் பார்த்தால் நாடா தோலுக்குள் போயிருந்தது. கால்நடை மருத்துவர் மயக்கம் கொடுத்துத்தான் எடுத்தார். "இது அடிக்கடி வர்ற கேஸ்தான் சார், வேணும்னு யாரும் செய்றதில்ல, மறந்துடுறாங்க" என்றார். புண் ஆறப் பல வாரம் ஆனது. இன்றும் அந்த இடத்தில் முடி ஒழுங்காக வளரவில்லை.

குட்டி நாய்க்கு வாரம் ஒருமுறை விரல் விட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். பெரிய இனத்துக் குட்டி முதல் ஆறு மாதத்தில் வளர்கிற வேகம் கண்ணுக்குத் தெரியாது, தினமும் பார்க்கிறோம் இல்லையா, பெல்ட்டுக்குத்தான் தெரியும். குட்டிக்கு விலை உயர்ந்த தோல் பெல்ட் வாங்குவது வீண் செலவு, இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டிவரும். அளவை மாற்றக்கூடிய லேசான நைலான் போதும். வளர்ந்த நாய்க்கு மாதம் ஒருமுறை பார்க்கலாம், எடை கூடினாலும் குறைந்தாலும் பார்க்கலாம், முடி வெட்டிய அன்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

அகலத்தை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஒரே இழுப்பு, மெல்லிய நாடாவில் வந்தால் ஒரு கோட்டில் போய் அழுத்தும், அகலமான பட்டையில் வந்தால் பரவும். பெரிய நாய்க்கு இரண்டரை சென்டிமீட்டராவது வேண்டும், கழுத்து நீண்ட நாய்க்கு இன்னும் அகலம் நல்லது. அதற்காகச் சின்னக் குட்டிக்கு அகலப் பட்டையைப் போட்டால் அது தாடைக்கும் தோளுக்கும் நடுவில் நின்று தலையைக் குனியவே விடாது. ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை, அவ்வளவுதான். கொக்கியின் எடையும் அப்படித்தான். கனமான பித்தளைக் கொக்கி பார்க்கக் கம்பீரமாக இருக்கும், மூன்று கிலோ நாயின் தொண்டையில் அது நாள் முழுக்கத் தொங்கும்.

நைலான் சீக்கிரம் காய்ந்துவிடும், துவைக்கலாம், ஆனால் ஓரம் முரடாக இருந்தால் கழுத்தில் தேய்த்தே முடியைத் தின்னும். வாங்கும்போது ஓரத்தை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள். தோல் பழகப் பழக மென்மையாகும், நனைந்து காய்ந்தால் விறைக்கும், கொஞ்சம் நீளவும் செய்யும், அதையும் அளவில் பார்த்துக்கொள்ள வேண்டும். நீள முடி நாய்களுக்கு உருட்டித் தைத்த தோல் பெல்ட் நல்லது, தட்டைப் பெல்ட்டுக்கடியில் முடி சிக்குப் பிடிப்பதுபோல் அதில் பிடிக்காது. எந்தப் பெல்ட்டாக இருந்தாலும் ஈரத்தோடு கழுத்தில் விட்டால் அடியில் தோல் வெந்து புண்ணாகும். நீச்சலுக்கோ குளியலுக்கோ அப்புறம் கழற்றிக் காயவைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். உண்ணிக்கும் பெல்ட்டுக்கடி ரொம்பப் பிடித்த இடம், நான் கழற்றினால் முதலில் தேடுவது அதைத்தான்.

பக்கிள் விஷயத்தில் எனக்கு ஒரு காலத்தில் உலோகப் பக்கிள்தான் உசத்தி என்று எண்ணம் இருந்தது. ஒரு மத்தியானம் மணியும் செவலையும் விளையாடிக்கொண்டிருந்தார்கள், கழுத்தைக் கவ்வுகிற விளையாட்டு. செவலையின் கீழ்த்தாடை மணியின் பெல்ட்டுக்குள் மாட்டிக்கொண்டது, பயத்தில் அவள் உருண்டாள், பெல்ட் ஒரு முறுக்கு முறுக்கியது, ஒரு நொடியில் ஒன்று கத்துகிறது, இன்னொன்று கத்த முடியாமல் நிற்கிறது. முள் வைத்த உலோகப் பக்கிளைத் திறக்க முதலில் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள், அந்த நேரத்தில். செவலையைத் தூக்கி மணியோடு சேர்த்துத் தள்ளி, முறுக்கை எதிர்ப்பக்கம் திருப்பித்தான் விடுவிக்க முடிந்தது. பிரித்து இழுக்கத்தான் கை முதலில் போகும், அது இன்னும் இறுக்கும். அதற்கப்புறம் இரண்டும் சேர்ந்து விளையாடும்போது கழுத்தில் எதுவும் கிடையாது. கூண்டுக்குள் விடும்போதும் அப்படித்தான், கம்பியில் வளையமோ பெயர் வில்லையோ மாட்டினால் உதவ ஆள் இருக்காது. இரண்டு பக்கமும் அழுத்தித் திறக்கிற பிளாஸ்டிக் பக்கிள் உலோகப் பக்கிளைவிட மேல், ஆனால் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கில் விரிசல் விழும், அவ்வப்போது பார்க்க வேண்டும். இழுத்தால் தானாகப் பிரிகிற பெல்ட்டும் இருக்கிறது, விளையாட்டுக்கு நல்லது. அதில் கயிறு மாட்டி நடத்திப் போகக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

தலை சிறுத்த நாய்களுக்கு மார்டிங்கேல் என்று ஒன்று உண்டு. பெரிய வளையம் கழுத்தில், அதோடு கோத்த சின்ன வளையத்தில் கயிறு. நாய் பின்வாங்கினால் சின்ன வளையம் பெரியதை இழுத்துக் கொஞ்சம் இறுக்கும், விட்டால் தளரும். சுருக்குச் சங்கிலி மாதிரி எல்லையில்லாமல் இறுகாது, அதுதான் வித்தியாசம். ஆனால் இதற்கும் அளவு உண்டு. முழுக்க இழுத்த நிலையில் பெரிய பட்டையின் இரு முனை வளையங்களும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் பட்டை பெரிது, கழன்றுவிடும். நடுவில் இரண்டு விரல் இடம் மிஞ்ச வேண்டும். வீட்டுக்குள் இதைக் கழற்றி வையுங்கள், தொங்குகிற வளையம் எதிலாவது மாட்டும். சுருக்குச் சங்கிலியும் முள் பட்டையும் எனக்கு வேண்டாதவை. எந்த அளவில் போட்டாலும் வலிக்கத்தான் செய்பவை, அங்கே அளவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சில நாய்களுக்குப் பெல்ட்டில் கயிற்றையே மாட்டக் கூடாது. யார்க்‌ஷயர் டெரியர், பொமரேனியன், சிவாவா மாதிரிச் சின்ன இனங்களில் மூச்சுக்குழாயைத் தாங்குகிற குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து குழாய் தட்டையாகிப்போகிற நோய் வரும், வாத்து கத்துவதுபோல் ஒரு இருமல், அதைக் கேட்டால் மார்பைச் சுற்றி மாட்டுகிற ஹார்னெஸ்தான். கண்ணில் அழுத்த நோய் உள்ள நாய்க்கும் அப்படியே. 2006-ல் 26 நாய்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், பெல்ட் போட்டு இழுக்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறியது, ஹார்னெஸ் போட்டு இழுக்கும்போது ஏறவில்லை. மணி இழுக்கிறவன் என்பதால் அவனுக்கும் நடைக்கு ஹார்னெஸ்தான் இப்போது. அதன் அளவு தனிக்கதை. அதிலிருந்தும் பின்னால் நகர்ந்து கழற்றத் தெரிந்தவன் அவன்.

அப்படியென்றால் பெல்ட் எதற்கு? பெயர் தாங்க. தொலைபேசி எண் பொறித்த வில்லை அதில்தான் தொங்குகிறது. எகிப்தில் அரசர்களின் பள்ளத்தாக்கில் மைஹெர்ப்ரி என்பவரின் கல்லறையை 1899-ல் திறந்தபோது இரண்டு தோல் நாய்ப்பட்டைகள் கிடைத்தன, மூவாயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை. அதில் ஒன்றில் நாயின் பெயரே எழுதியிருக்கிறது. ஆக பெயர் எழுதி மாட்டுவது ஒன்றும் புதுப் பழக்கமில்லை. ஆனால் மணி ஓடிப்போன அன்று அவன் பெயரும் என் எண்ணும் வில்லையோடு என் கையில்தான் தொங்கின. தோலுக்கடியில் வைக்கிற மைக்ரோசிப் கழலாது, அதை அடுத்த வாரமே வைத்தோம்.

மணிக்கு இப்போது பன்னிரண்டு வயது. முகவாய் நரைத்துவிட்டது, தொடைச் சதை வற்றிவிட்டது, கழுத்தும் மெலிந்துவிட்டது. டேப்பைச் சுற்றினால் 37. வயதானால் தசை குறையும் என்று தெரியும், தெரிந்தும் பெல்ட்டை மாற்ற எனக்குத் தோன்றவில்லை. பழகிய தோல், அவன் கழுத்தின் வளைவு அதில் ஏறிவிட்டது. கடைசி ஓட்டையைத் தாண்டி ஒரு இடத்தைக் குறித்து, பலகைமேல் வைத்து, ஆணியும் சுத்தியலுமாகப் புது ஓட்டை போட்டேன். மணி பக்கத்தில் படுத்து ஒவ்வொரு அடிக்கும் ஒரு கண்ணைத் திறந்து மூடினான்.

மாட்டிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். "விரல் விட்டுப் பாரும்மா." தளர்த்தச் சொல்லப்போகிறார் என்று தயாராக நின்றேன். விரலைப் படுக்கவைத்து நுழைத்தார், இரண்டு, அப்புறம் மூன்று. பெல்ட்டைக் காதுவரை தள்ளிப் பார்த்தார்.

"இது லூசுடா. இன்னொரு ஓட்டை போடு."

"உன் விரல் ஒல்லிம்மா, அதான் மூணு போகுது."

அம்மா பதில் சொல்லவில்லை. ஆணியை எடுத்து என் கையில் கொடுத்தார்.